ஏழாம் விதியை நீக்கும் விழா

யுத்தம் முடிந்துவிட்டதென்று கல்முனைச் சந்தியில் பட்டாசு கொளுத்திய அதே கிழமையில் லைலாவுக்கு வீடு கிடைத்தது. கிடைத்தது என்றால், சீட்டுக் குலுக்கலில் பெயர் விழுந்தது. வயல்வெளிக்கு அந்தப் பக்கம், வெளிநாட்டு உதவியில் வரிசை வரிசையாகக் கட்டி, வெள்ளையடித்து, ஜன்னலுக்குக் கண்ணாடியும் போட்டுப் பூட்டி வைத்திருந்த வீடுகளில் ஒன்று.

சுனாமி அவளுடைய புருஷன் ஸைனுலாப்தீனையும் மூத்த மகனையும் இருந்த கல்வீட்டையும் ஒரே காலையில் கொண்டுபோயிருந்தது. அதற்குப் பிறகு அவளும் மகள் பஹ்மிதாவும் சாய்ந்தமருதில் ஒரு தகரக் கொட்டிலில் இருந்தார்கள். தற்காலிகக் கொட்டில் என்றுதான் அதற்குப் பெயர். தற்காலிகம் என்று எழுதி நட்டிருந்த பலகை உக்கி விழுந்து, லைலா அதை அடுப்பில் வைத்து எரித்தும் ஆயிற்று. கொட்டில் மட்டும் நின்றது.

அந்தக் கரையில் வீடு இல்லாத பெண்பிள்ளைக்குக் கலியாணம் இல்லை. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பதுதான் வழக்கம். வந்து இருக்க ஒரு வீடு வேண்டும். மருதமுனையில் ஒரு நெசவுக்காரக் குடும்பம் பஹ்மிதாவைக் கேட்டிருந்தது. மாப்பிள்ளையின் தாய் நபீஸா கொட்டிலுக்குள் குனிந்து வந்து, தகரச் சூட்டில் வியர்த்து வழிந்தபடி பிளேன்டீயைக் குடித்துவிட்டு, "புள்ள தங்கம். ஊடு கைக்கு வந்த ஒடன சொல்லியனுப்புங்க ராத்தா" என்று சொல்லிப்போட்டுப் போனாள்.

ஆகவே லைலா சாவி எடுக்கப் போனாள்.

சாவி இருந்தது கரையோரப் புனர்வாழ்வு இணைப்பகத்தில். பணிப்பாளரின் அறைக்கு வெளியே ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள் சாவிகள் கொத்தாகத் தொங்கின, ஒவ்வொன்றிலும் வீட்டு இலக்கம் எழுதிய மட்டை. தன்னுடைய இலக்கத்தை லைலா வந்தவுடனேயே கண்டுபிடித்துவிட்டாள். கண்ணாடி இல்லாவிட்டால் கையை நீட்டித் தொடலாம்.

இணைப்பகம் முழுவதும் கணினிமயப்படுத்தப்பட்டிருந்தது. அதாவது, ஒரு கணினி இருந்தது. அதன் முன்னால் காரைதீவைச் சேர்ந்த வினோஜா உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, உங்கட பேரை இதில அடிச்சா கொழும்புக்குப் போகும். அங்கயிருந்து ஓம் எண்டு பதில் வரும். வந்தாத்தான் சாவி."

"அடிங்க புள்ள."

வினோஜா அடித்தாள். திரையில் சிவப்பாக ஒரு பெட்டி வந்தது. வினோஜா அதை வாசித்துச் சொன்னாள்: "தடுக்கப்பட்டது. காரணம், ஏழாம் விதி."

"ஆரு தடுக்கிற?"

"பயர்வோல் அக்கா. நெருப்புச் சுவர் எண்டு சொல்லலாம். கொம்பியூட்டருக்குக் காவல். ஆர் உள்ளுக்கு வாற, ஆர் வெளிய போற எண்டு விதி எழுதி வச்சிருக்கு. அதுப்படி விடும், இல்லாட்டி மறிக்கும்."

லைலா அந்தப் பெட்டியைக் காட்டிக் கேட்டாள். "கடலுக்கு ஒரு சுவர் கட்ட ஏலாத ஆக்கள் இந்தப் பொட்டிக்கு நெருப்பில சுவர் கட்டியிரிக்காங்களா?"

வினோஜா சிரிக்கவில்லை. அவளுடைய வீடும் கடற்கரையோரத்தில்தான் இருந்தது.

ஏழாம் விதிக்கு ஒரு வரலாறு இருந்தது. யுத்தம் உச்சத்தில் இருந்தபோது, பாதுகாப்புக் கருதி அலுவலகக் கணினிகளில் கவனம் தேவை என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கவனம் என்றால் என்னவென்று அதில் இல்லை. பணிப்பாளர் ஜனாப் காலிதீன் தானாகவே யோசித்து, 'வெளியே செல்லும் தொடர்புகள் யாவற்றையும் தடு' என்று ஒரு விதியைப் பட்டியலின் அடியில் போட்டார். யுத்தம் முடிந்தபிறகு அதை எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கடிதத்தில் அனுமதி பெறும் பழைய முறையைக் கணினிமயமாக்கும்போதே ஒழித்திருந்தார்கள்.

"யுத்தம்தான் முடிஞ்சிட்டே. அத அழிச்சிருங்களன்" என்றாள் லைலா.

காலிதீன் அவளை உள்ளே கூப்பிட்டு இருக்கச் சொன்னார். நல்ல மனுஷன், மரியாதையானவர், அத்தர் மணக்கும். "அழிக்கத்தான் வேணும் லைலாம்மா. ஆனா சும்மா அழிக்க ஏலாது. ஒரு விதியைப் போடுறதுக்கு ஆரிட்டயும் கேக்கத் தேவயில்ல. எடுக்கிறதுக்குத்தான் ஊரைக் கூட்ட வேணும். இல்லாட்டி, போட்டது ஆரு எண்டு ஆக்கள் யோசிக்கத் தொடங்கிருவாங்க."

அப்படி ஏழாம் விதியை நீக்கும் விழா ஏற்பாடாயிற்று. இணைப்பக முற்றத்தில் பந்தல் போட்டார்கள். குர்ஆன் ஓதும் கிராஅத், தேசிய கீதம், வரவேற்புரை. கணினியை வெளியே கொண்டுவந்து மேசையில் வைத்து மாலையும் போட்டார்கள். வீடு கிடைத்தவர்களின் சார்பில் லைலாவை மேடைக்கு அழைத்து, பொன்னிறம் பூசிய ஒரு மட்டைச் சாவியைக் கையில் கொடுத்தார்கள். அவள் அவ்வளவு பெரிய சாவியை முன்னர் பார்த்ததில்லை. ஆளுயரத்தில் பாதி இருந்தது.

காலிதீன் பேசினார்.

"யுத்த காலத்தில் இந்த விதியை இட்டவன் நான். சமாதான காலத்தில் இதனை நீக்குபவனும் நானே. இரண்டுக்கும் இடையில் நீங்கள் பட்ட கஷ்டங்களை இந்த அலுவலகம் மிக நெருக்கமாக இருந்து பார்த்துக்கொண்டிருந்தது. சுனாமி உங்களிடம் ஒரு தரம்தான் வந்தது. நாங்கள் ஒவ்வொரு நாளும் இங்கேதான் இருக்கின்றோம்."

கைதட்டினார்கள். அவர் பொத்தானை அழுத்தினார். திரையில் ஏழாவது வரி மறைந்தது. பட்டியலில் ஆறுதான் மிச்சம். போட்டோ பிடித்தார்கள். மட்டைச் சாவி அரச சொத்து என்பதால் லைலாவிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு, ஒரு பிஸ்கற் பக்கெற்றும் சோடாவும் கொடுத்தார்கள்.

பந்தலைக் கழற்றும் வரை காத்திருந்து அவள் உள்ளே போனாள். வினோஜா கணினியிலிருந்த மாலையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பெயரை அடித்தாள்.

தடுக்கப்பட்டது. காரணம், ஏழாம் விதி.

"இப்பதானே புள்ள அழிச்ச?"

வினோஜா பட்டியலைத் திறந்து காட்டினாள். ஆறு வரிகள். ஏழாவது இல்லை. மூடிவிட்டுத் திரும்ப அடித்தாள். ஏழாம் விதி தடுத்தது. கணினியை நிறுத்திப் போட்டுப் பார்த்தாள். அப்போதும் அதேதான்.

காலிதீன் எழும்பி வந்து திரையைப் பார்த்தார். "பட்டியலில ஏழு இருக்கா?"

"இல்ல சேர்."

"அப்ப தடை இல்ல."

"ஆனா போகுதில்ல சேர்."

"தடை இல்லாமலும் ஒண்டு போகாட்டி, அது போக விரும்பல்ல எண்டுதான் அர்த்தம்" என்றார் காலிதீன். கொஞ்சம் யோசித்து இன்னொன்றும் சொன்னார். "சில வேள நாங்க சரியா அழிக்கல்லயோ தெரியா. திரும்பப் போட்டுத் திரும்ப அழிச்சிப் பாப்பம்."

திரும்பப் போட்டார்கள். ஆனால் அழிக்கவில்லை. அடுத்த கிழமை மாகாணத்திலிருந்து ஒரு பிரமுகர் வருவதாக இருந்தது. அவர் கையால் அழிப்பிப்பது பொருத்தம் என்று காலிதீன் முடிவு செய்தார்.

பிரமுகர் வந்து அழித்தார். பந்தல், மாலை, மட்டைச் சாவி. அதற்கடுத்து கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். அவருக்காக விதியை மறுபடி போட்டு வைத்திருந்தார்கள், அவரும் அழித்தார். தேர்தல் நெருங்க நெருங்க அழிக்க விரும்பியவர்கள் கூடினார்கள். ஒரே நாளில் இரண்டு கட்சிக்காரர்கள் வந்தபோது, ஒருவர் மேடையை விட்டு இறங்கி மற்றவர் ஏறுவதற்குள் வினோஜா விதியைப் போட்டு முடிக்க வேண்டியிருந்தது. சாவி பிடிக்க லைலாவை ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டார்கள். போகாவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்களோ என்ற பயத்தில் அவளும் போனாள். வெயிலில் நின்று, ஒரே பேச்சை வேறு வேறு வாய்களில் கேட்டாள். எல்லாரும் அவளுடைய கண்ணீரைத் துடைக்க வந்தவர்கள். அவள் அங்கே ஒரு நாளும் அழுததில்லை. மேடையில் நின்று பல்லைக் கடித்ததில் தாடைதான் நோவெடுத்தது.

இதில் நடந்தது என்னவென்றால், முதலில் ஒரு சிவப்புப் பெட்டி வந்த திரையில் இப்போது ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பெட்டிகள் வந்தன. ஏழாம் விதி, ஏழாம் விதி, ஏழாம் விதி. அழித்த ஒவ்வொன்றும் உள்ளே உயிரோடு இருந்து தன் பங்குக்குத் தடுத்தது. பட்டியல் மட்டும் சுத்தமாக இருந்தது.

லைலா சொல்லச் சொல்ல பஹ்மிதா ஒரு முறைப்பாடு எழுதினாள். பதில் கெதியாக வந்தது. தங்களால் குறிப்பிடப்படும் ஏழாம் விதி இவ்வலுவலகத்தில் இல்லை. இல்லாத ஒன்று தங்களைத் தடுப்பதாகக் கூறுவது பல பிரமுகர்களை அவமதிப்பதாகும். எதிர்காலத்தில் அவதானமாக இருக்கவும்.

"உம்மா, இவங்க என்ன சொல்ற?"

"நாம பொய் சொல்றமாம் மகள்."

கடைசியில் வினோஜாதான் மென்பொருள் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தாள். கொழும்பிலிருந்து கனகசபாபதி என்ற பொறியியலாளர் வந்தார். அன்றைக்கு லைலாவும் அங்கே நின்றாள். அவர் இரண்டு மூன்று இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"விளங்குது. நீங்க அழிக்கிற நேரம் திரையில காட்டுற பட்டியல்ல இருந்துதான் விதி போகுது. உள்ளுக்கு வேலை செய்யிற பட்டியல் வேற. அதில இருந்து போகாது. எங்களுக்கு இது தெரியும்."

"தெரியுமா?" என்றாள் வினோஜா.

"ஓம். தெரிஞ்ச பிழை. தெரியாத பிழையைத்தான் நாங்க அவசரமாப் பாக்கிறது. புதுப் பதிப்பில இதைத் திருத்தியாச்சு. இன்டர்நெட்டில இறக்கிப் போட்டாச் சரி."

"இன்டர்நெட்டுக்குப் போக ஏழாம் விதி விடாதே."

"அது சரிதான்" என்றார் கனகசபாபதி.

"நீங்க சீடியில கொண்டு வரல்லயா?"

பையிலிருந்து ஒரு சீடியை எடுத்துப் போட்டார். நாலாம் விதி மறித்தது. வெளியார் கொண்டுவரும் எதையும் இந்தக் கணினி திறக்கக்கூடாது. நாலாம் விதியை அழிக்கலாம். அழித்தால் அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே நின்றுவிடும். முழு மென்பொருளையும் கழற்றி எறியலாம்; அதற்குக் கடவுச்சொல் வேண்டும். அது கணினியை அன்பளிப்புச் செய்த வெள்ளைக்காரரிடம் இருந்தது. அவர் வேறொரு நாட்டில் வேறொரு அனர்த்தத்துக்குப் போய்விட்டார். அவருக்கு மின்னஞ்சல் அனுப்பலாம், இந்தக் கணினியிலிருந்து. வேறொரு கணினியிலிருந்து அனுப்பினால் அது உத்தியோகபூர்வமானது அல்ல.

அப்போது லைலா கேட்டாள்:

"தம்பி, எனக்குப் படிப்பில்ல. ஒண்டு கேக்கன். அந்தா, அந்தக் கண்ணாடிக்குப் பின்னால என்ட சாவி தொங்குது. அலுமாரியத் திறந்து அத எடுத்து என்ட கையில தந்தா என்ன நடக்கும்?"

கனகசபாபதி காலிதீனைப் பார்த்தார். காலிதீனின் முகத்தில் முதல் தடவையாகக் கோபம் வந்தது.

"என்ன கத கதைக்கிறீங்க? அப்பிடித் தாறதெண்டா இந்த ஒபிஸ் எதுக்கு? நாங்க எதுக்கு?"

அதற்கு லைலாவிடம் பதில் இருந்தது. மகளின் கலியாணத்தை நினைத்து விழுங்கிக்கொண்டாள்.

விழுங்கியதில் பிரயோசனம் இருக்கவில்லை. நோன்பு மாதம் போய், மாரி மழையும் பெய்து ஓய்ந்தது. நபீஸா கொட்டிலுக்கு வந்தாள். இந்தத் தடவை உள்ளே வந்து இருக்கவில்லை. வாசலிலேயே நின்று கதைத்தாள்.

"ராத்தா, குறை நினைக்காதீங்க. ஒங்கட போட்டோவப் பேப்பருல நாங்களும் பாத்துக்கிட்டுத்தான் இரிக்கம். சாவியும் கையுமா நிக்கிறீங்க, ஊட்டக் காணல்ல. நிந்தவூருல ஒரு எடம் வந்திரிக்கி. ஊடு கட்டி முடிஞ்ச எடம்."

பஹ்மிதா உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகின் சத்தம் நிற்கவில்லை. நபீஸா போனபிறகு, புடைத்த அரிசியையே திரும்பத் திரும்பப் புடைத்தாள். லைலா பக்கத்தில் போய் இருந்தபோதுதான் கையை நிறுத்தினாள்.

"உம்மா, அந்த ஊட்ட ஒருக்காப் போய்ப் பாப்பமா? எப்பிடி இரிக்கெண்டாவது பாப்பம்."

பக்கத்துக் கொட்டில் றஹீமாவுக்கும் அதே வரிசையில் வீடு விழுந்திருந்தது. மூவரும் ஓட்டோ பிடித்துப் போனார்கள். வீதியை மூடிப் புல் வளர்ந்திருந்தது. வீட்டு விறாந்தைகளில் யாரோ மாடு கட்டியிருந்தார்கள். லைலாவின் வீட்டு ஜன்னலில் ஒரு கண்ணாடியைக் காணவில்லை. அந்தப் பொந்து வழியாக அவள் எட்டிப் பார்த்தாள். அடுப்படி இருந்தது, ஒரு அறை இருந்தது, இன்னொரு அறையும் இருந்தது. கூரை மூலையில் குளவி பெரிதாகக் கூடு கட்டியிருந்தது. குளவிக்குக் கொழும்பின் அனுமதி கிடைத்துவிட்டது போலும்.

இவ்வளவு காலமும் இந்த வீடு இங்கே ஆளில்லாமல் நின்றிருக்கிறது. தகரத்துக்குக் கீழே அவளுடைய பிள்ளை வெந்துகொண்டிருந்த ஒவ்வொரு பகலும் இந்தக் கூரையின் நிழல் வெறும் சீமெந்தில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. மறித்தது யார் என்று கேட்டால், ஒருவருமில்லை.

முற்றத்தில் கட்டிட வேலைக்காரர்கள் விட்டுப்போன கொங்கிரீட் துண்டு ஒன்று கிடந்தது. லைலா அதை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"ராத்தா, பொலிஸ் வரும்" என்றாள் றஹீமா.

"வரட்டும். ஆராவது ஒராள் வரட்டும்."

பூட்டு நல்ல பூட்டு, லேசில் விடவில்லை. லைலா அடித்துக்கொண்டே இருந்தாள். பந்தலுக்கும் பிஸ்கற்றுக்கும், துடைக்க வந்த கைகளுக்கும், இல்லை என்று எழுதி வந்த கடிதத்துக்குமாக அடித்தாள். நகம் பெயர்ந்து இரத்தம் வந்ததை, கொக்கி கழன்று கதவு உள்ளே போனபிறகுதான் கண்டாள். பஹ்மிதா தன் முந்தானையைக் கிழித்துக் கையைக் கட்டிவிட்டாள். அன்றைக்குப் பொழுதுபடுவதற்குள் பாயும் பானையும் வந்து சேர்ந்தன. குளவிக் கூட்டைப் புகை போட்டு எடுத்தார்கள்.

காலிதீன் ஒரு பொலிஸ் சார்ஜனையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் வந்தார். லைலா வாசற்படியில் நின்றாள்.

"லைலாம்மா, இது பெரிய குற்றம். அரச உடைமைக்குள்ள அத்துமீறி நுழைஞ்சிருக்கிறீங்க. ஒடன வெளியேறோணும்."

"என்ட ஊட்டுக்குள்ளதான் நிக்கன்."

"ஒங்கட வீடுதான். ஆரு இல்லயெண்ட? ஆனா ஒங்களுக்கு இன்னும் கிடைக்கல்ல."

அப்போதுதான் லைலா, இவ்வளவு நாளும் விழுங்கியதையெல்லாம் திறந்தாள்.

"கேளுங்க சேர். என்ட புருஷன்ட மையத்த, அந்த உடம்ப, நான் பாக்கல்ல. கடல் தரல்ல. அப்பயும் ஒங்களப் போல ஒராள் பட்டியலோட வந்தாரு. அதுல அவர்ட பேர் இல்ல, அதால அவர் மௌத்தாகல்ல எண்டாரு. நான் விதவ இல்லயாம். மாசக்கணக்கா அவரு எனக்கு உயிரோட இருந்தாரு, ஒங்கட பட்டியலுக்காக. இப்ப ஒங்கட பட்டியலுல தடை இல்ல, ஆனா நான் உள்ளுக்கு வரக்கூடா. இல்லாதது எல்லாம் என்னயத்தான் மறிக்குமா? என்ட புள்ளட கலியாணம் போச்சு. அத எந்த வெள்ளக்காரன் கொண்டு வந்து தாற? இந்த வாசல விட்டு நான் இறங்கமாட்டன். சுடுறதெண்டாச் சுடச் சொல்லுங்க."

சார்ஜன் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். உடைந்த தமிழில் காலிதீனிடம், "மஹத்தயா, கொம்ப்ளேன்ட் கடுதாசி கொண்டு வந்ததா?" என்று கேட்டார்.

வெளியேற்றும் கட்டளையும் கணினி மூலம் கொழும்பின் அனுமதி பெற்றுத்தான் வரவேண்டும். அந்த நடைமுறையை எழுதியவரே காலிதீன்தான். அவர் கைத்தொலைபேசியில் வினோஜாவை அழைத்தார். அவளுடைய குரல் வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது.

"அடிச்சன் சேர். தடை ஒண்டும் இல்ல. ஆனா போகுதில்ல."

"திரும்ப அடிங்க!"

"திரும்பவும் அடிச்சன் சேர். அதுக்குப் போக விருப்பமில்லப் போல."

காலிதீன் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார். சார்ஜன் லைலாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். கடுதாசி வந்ததும் வருவதாகச் சொல்லி ஜீப்பில் ஏறினார். ஜீப் பொலிசுக்குச் சொந்தமானது. ஆகையால் காலிதீனும் ஏறவேண்டியிருந்தது.

அடுத்த வெள்ளி, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு றஹீமா ஒரு சுத்தியலோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் கொட்டில் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். பின்னேர அஸர்த் தொழுகைக்கு வாங்கு சொல்லும் வரை அந்த வரிசையில் இரும்பின்மேல் இரும்பு விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வீடு கைக்கு வந்த செய்தி மருதமுனைக்கும் போயிற்று. நிந்தவூர்ப் பேச்சு முறிந்திருந்த நபீஸா, பழமும் பலகாரமுமாக மகனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். லைலா மகளைப் பார்த்தாள். பஹ்மிதாதான் பதில் சொன்னாள்.

"மாமி, பூட்டு ஒடைக்கிற அண்டைக்கி ஒங்கட மகன் ஒரு கல்லத் தூக்கியிருந்தா நான் யோசிச்சிரிப்பன். டீ குடிச்சிட்டுப் போங்க."

இணைப்பகத்தின் ஆவணங்களின்படி அந்த வீடுகளில் இன்றைக்கும் ஒருவரும் குடியில்லை. ஆண்டறிக்கையிலோ, திட்டம் வெற்றிகரமாக நிறைவடைந்தது என்று இருக்கிறது. இரண்டும் ஒரே பக்கத்தில். அறிக்கை வெளியான மாதம் ஒரு லொறியில் பெரிய சலவைக்கல் ஒன்று வந்து இறங்கியது. இவ்வீடுகள் ஜனாப் காலிதீனின் அயராத முயற்சியால் மக்களுக்குக் கையளிக்கப்பட்டன என்று பொன்னெழுத்தில் வெட்டியிருந்தது. அதை நடுவதற்கு ஆட்களை அனுப்பக் கொழும்பின் அனுமதி வேண்டும். அது வரவில்லை, கல் கிணற்றடியில் கிடந்தது.

லைலாவும் றஹீமாவும் அதைப் புரட்டி, எழுத்து மேலே தெரிய, தோதாகச் சரித்துப் போட்டார்கள். இப்போது அந்த வரிசைப் பெண்கள் எல்லாரும் அதில்தான் மீன் கழுவுகிறார்கள். கல் நல்ல கல். எழுத்து வெட்டிய இடத்தில் உரசினால் செதில் சுத்தமாகக் கழன்று வருகிறது.